கறுப்பு பானையில் இல்லை

காளஹஸ்தியில் துணிமேல் கலம்காரி ஓவியம் வரைகிற வீடுகளின் பின்கட்டில் கறுப்புக்கென்று தனியாக ஒரு பானை ஊறிக்கொண்டிருக்கும். உள்ளே துருப்பிடித்த ஆணி, லாடத் துண்டு, உடைசல் இரும்பு, ஒரு பெரிய கட்டி வெல்லம், அது மூழ்குமளவு தண்ணீர். இரண்டு மூன்று வாரம் கழித்து மூடியைத் திறந்தால் புளித்த வாடை மூக்கைத் துளைக்கும். வடிகட்டி எடுத்த நீரைப் பார்த்தால் கறுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏதோ நீர்த்துப்போன டீத்தண்ணீர் போலத்தான் தெரியும். வெறும் தாளில் ஒரு சொட்டு விட்டால் வெளிறிய துருக்கறை விழும். அதே சொட்டைப் பக்கத்தில் காய்கிற, பதப்படுத்திய துணியில் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். பாதிக் கறுப்பு பானையில் இருக்கிறது, மீதி துணியில் காத்திருக்கிறது.

ஆல்பம் அலங்கரிப்பது இப்போது ஒரு பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. ஸ்கிராப்புக் என்று தேடினால் குட்டிக்குட்டிப் புட்டிகளில் மை, ரப்பர் ஸ்டாம்ப், பழைய காகிதம்போல் தோற்றம் தரும் பூச்சு என எல்லாம் விலைக்கு வருகிறது, அந்த விலையும் சாமான்யமாக இல்லை. வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்குத் திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவில், ராகு கேது பரிகாரத்துக்காக நாம் அவசர அவசரமாகப் போய்த் திரும்பும் ஊரில், பல தலைமுறைகளாக ஒரு வேதியியல் பள்ளி நடந்துகொண்டிருக்கிறது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். தேவாரம் படித்தவர்களுக்கு அது திருக்காளத்தி. ஊரை ஒட்டி ஓடும் சுவர்ணமுகி அவர்களுக்குப் பொன்முகலி.

முதலில் பானைக்குள் நடப்பதைப் பார்ப்போம். வெல்லத்தைக் காற்றிலுள்ள ஈஸ்ட் புளிக்கவைத்துச் சாராயமாக்குகிறது. அந்தச் சாராயத்தை வேறு பாக்டீரியாக்கள் அசிட்டிக் அமிலமாக்குகின்றன. கள் நாள்பட்டால் காடியாவதும் இப்படித்தான். அந்த அமிலம் இரும்பை மெல்லத் தின்று இரும்பு அசிட்டேட்டாகக் கரைத்துக்கொள்கிறது, கூடவே ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டு வெளியேறுகிறது. பானையை இறுக மூடாமல் வைப்பதற்குக் காரணம் அந்த வாயுதான். கரைந்திருக்கும் இரும்பு பெரும்பாலும் இரட்டை மின்சுமை கொண்ட வடிவில் இருக்கிறது. இந்த வடிவத்துக்கு நிறம் அதிகம் கிடையாது. அதனால்தான் பானையில் கறுப்பைக் காணோம்.

துணியின் பாதி கடுக்காயிலிருந்து வருகிறது. காடாத் துணியைத் துவைத்துக் கஞ்சியை நீக்கிவிட்டு, கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்து வெயிலில் காயப்போடுகிறார்கள். துணி இளமஞ்சளாகி லேசாக மொடமொடக்கும், பால் வாடையும் அடிக்கும். கடுக்காயில் டானின் ஏராளம். சித்தூரிலிருந்து எல்லை தாண்டி வந்தால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக வரும். அங்கேயும் கடுக்காய்க்கு வேலை இருந்தது, காரணமும் ஒன்றேதான்: டானின் புரதத்தைக் கண்டால் விடாது. தோலில் புரதம் இருக்கிறது, பருத்தியில் இல்லை. பருத்தி வெறும் செல்லுலோஸ், டானின் அதில் அரைமனதாகத்தான் ஒட்டும். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் அந்தக் குறையை ஓரளவு தீர்த்துவைக்கிறது.

பாலின் கொழுப்புக்கு இன்னொரு வேலை. பருத்தி நூலில் நீர்த்த மையை வைத்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடுக்குகள் வழியே அது நாலா பக்கமும் ஓடும். கோடு கோடாக நிற்காது. கொழுப்பும் கேசினும் அந்த இடுக்குகளை அடைத்து, இழையின் மேற்பரப்பைத் தண்ணீருக்குக் கொஞ்சம் ஒவ்வாததாக்கிவிடுகின்றன. பசும்பாலைவிட எருமைப் பாலில் கொழுப்பு கூடுதல் என்பது பால்காரரிடம் கேட்டாலே தெரியும். மயிரிழைக் கோட்டில் சீதையின் கண்ணிமையை வரைய முடிவதற்கு ஓவியரின் கை எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு எருமையும் காரணம்.

இப்போது இரண்டு பாதிகளும் சேருமிடம். புளியங்குச்சிக் கரியால் படத்தைக் கோடிட்டுக்கொண்டபின் கலத்தை எடுக்கிறார்கள். கலம் என்பது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருக்கும். அந்தச் சுற்று மையைக் குடித்து வைத்துக்கொள்கிறது, விரலால் அமுக்க அமுக்க நுனிக்கு இறங்குகிறது. பெருவிரலின் அழுத்தம்தான் கோட்டின் தடிமன். இரும்பு நீர் துணியைத் தொட்டதும் இழைக்குள் நுழைந்து டானினுடன் சேர்கிறது. முதலில் உண்டாகும் சேர்மம் வெளிறியது, நீரில் கரைவது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரும்பு மூன்று மின்சுமை கொண்ட வடிவத்துக்கு மாறுகிறது. அதன் டானின் கூட்டு நீலம் ஓடிய கறுப்பு, தண்ணீரில் கரையாது. கரைந்த நிலையில் இழைக்குள் போய், உள்ளே போனபின் கரையாததாகிவிடுவதால் துவைத்தாலும் வெளியே வர வழியில்லை.

அதே இரும்பு நீரையும் கடுக்காய்க் கஷாயத்தையும் ஒரு கிண்ணத்தில் முன்கூட்டியே கலந்தால் என்ன? கறுப்பு அங்கேயே உருவாகி, காற்றுப் பட்ட வேகத்தில் அடியில் சேறாகப் படியும். அதைத் தொட்டு வரைந்தால் துணியின் மேல்தான் உட்காரும், முதல் சலவையிலேயே பெரும்பகுதி போய்விடும். நம் தாத்தாக்கள் அன்னபேதியும் கடுக்காயும் கலந்து எழுதிய மை இதற்கு நெருங்கிய உறவு, ஐரோப்பாவில் ஓக் மரக் கழலையும் அன்னபேதியும் சேர்த்துப் பல நூற்றாண்டு எழுதிய மையும் அதுவே. எழுதுகிறவர்கள் ஒரு புட்டியில் கலந்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதனால் மை படியாமலிருக்கப் பிசின் சேர்த்தார்கள். கலம்காரிக்காரர் கலப்பதையே துணியின் மேல் வைத்துக்கொண்டார். இரண்டில் இதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

சிவப்பு இதைவிட விசித்திரமானது. சிவக்க வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைப் பூசுகிறார்கள். படிகாரத்துக்கு நிறமில்லை. பூசிய இடம் கண்ணுக்குத் தெரிவதற்காகப் பின்னால் கழுவிப் போகும் சாயம் கொஞ்சம் கலந்துகொள்வதுண்டு. காயவைத்து ஊறவிட்டு, ஓடும் நீரில் அலசுகிறார்கள். இழையில் பிடித்துக்கொள்ளாத உபரிப் படிகாரம் பக்கத்து இடத்தில் ஒட்டாமல் அடித்துக்கொண்டு போக வேண்டும், அதற்குத் தேங்கிய நீர் உதவாது. பிறகு மொத்தத் துணியையும் மஞ்சிட்டியோ சாயவேரோ போட்ட அண்டாவில் கொதிக்கவிடுகிறார்கள். எடுத்தால் படிகாரம் இருந்த இடம் மட்டும் அடர்சிவப்பு. மற்ற இடங்களில் ஏறிய மங்கல் சிவப்பு, சாணமும் வெயிலும் தண்ணீரும் மாறிமாறிப் பட்டதில் வெளுத்துவிடும்.

சாயவேரில் இருப்பது அலிசரின், மஞ்சிட்டியில் அதன் நெருங்கிய உறவான பர்புரின். இவை தனியே பருத்தியைப் பிடிக்காது. படிகாரத்தின் அலுமினியம் ஒரு கையால் இழையையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. பள்ளிப் பாடப்புத்தகம் இதை நிறமூன்றி என்று சொல்லும். அந்தக் கூட்டில் கால்சியமும் சேர்ந்தால் சிவப்பு இன்னும் பளிச்சென்று உறுதியாகும், ஆகவே எந்த ஊர்த் தண்ணீர் என்பது நிறத்தைத் தீர்மானிக்கிறது. ‘இந்த ஆற்று நீரில்தான் இந்தச் சிவப்பு வரும்’ என்று சாயக்காரர்கள் சொல்வதை ஊர்ப்பெருமை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நிறமற்ற ஒன்றைப் பூசி, ஒரே அண்டாவில் முக்கி, பல நிறம் எடுக்கும் வித்தையை எகிப்தியர்கள் செய்ததாக ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே வியந்து எழுதியிருக்கிறார். ஐரோப்பாவுக்கு அது கைவரவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து போன பூத்துணிகள் துவைக்கத் துவைக்கப் பளிச்சிட்டதைக் கண்டு அங்குள்ள நெசவாளர்கள் கலங்கிப்போனார்கள். பிரான்ஸ் 1686-இல் இவற்றுக்குத் தடை போட்டு 1759 வரை நீட்டித்தது. தடை இருக்கும்போதே ரகசியத்தைப் பிடிக்க ஆளும் வைத்தார்கள். தென்னிந்தியாவில் பணியாற்றிய கேர்து என்ற சேசு சபைப் பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு 1742-இல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கடுக்காய், எருமைப் பால், படிகாரம், சாயவேர் எல்லாம் வரிசைக்கிரமமாக அதில் இருக்கின்றன. இதைத் தொழில் உளவு என்று இன்று சொல்வோம். 1868-இல் கிரேபே, லீபர்மான் என்ற இரு ஜெர்மானியர்கள் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதும் சாயவேரின் சந்தை சரியத் தொடங்கியது.

காளஹஸ்தியில் தொழில் ஏறத்தாழ அணைந்துபோயிருந்த நேரத்தில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957-இல் அங்கே அரசுப் பயிற்சி மையம் வந்தது. செய்முறை அறிந்த கைகள் சில மிச்சமிருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. அந்த மரபின் பெருங்கலைஞரான ஜொன்னலகட்டா குரப்பா செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டுப் பக்கம் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இதன் கிளைகள் உண்டு. இந்த வேலைக்கு மொத்தம் 17 படி என்பார் ஒருவர், 23 என்பார் இன்னொருவர். எந்தச் சலவையைத் தனிப் படியாக எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

திருப்பதியைச் சுற்றிய சேஷாசல மலை முழுக்கச் செம்மரம் இருக்கும்போது சிவப்புக்கு வேரைத் தோண்டுவானேன் என்று கேட்கத் தோன்றும். செம்மரத்தின் சிவப்பு சாண்டலின் என்ற பொருள். அது தண்ணீரில் கரைய மறுக்கும், சாராயத்தில்தான் கரையும். தண்ணீரை நம்பியிருக்கும் தொழிலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதே மரத்தில் செய்து கொலுவில் வைக்கும் மரப்பாச்சிக்கு அந்தக் குணம் வசதிதான். இன்றைக்கு மரமே அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்டு, கடத்தல் செய்திகளில் மட்டும் அடிபடுகிறது.

கலம் ஓடுவது காளஹஸ்தியில் என்றால் அச்சு விழுவது மசூலிப்பட்டினத்துக்கு அருகிலுள்ள பெடனாவில். அங்கே தேக்குக் கட்டையில் பூவும் கொடியும் செதுக்கி, எண்ணெயில் ஊறவைத்து, இதே இரும்பு நீரையும் படிகாரத்தையும் அச்சால் வைக்கிறார்கள். ஆனால் கலத்துக்கு ஏற்ற நீர்த்த கரைசல் அச்சுக்கு ஆகாது, கட்டையின் பள்ளங்களில் வழிந்து படத்தை அழித்துவிடும். பிசின் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தட்டில் மெத்தையாகப் போட்ட துணியில் அந்தக் கலவையை ஊற்றி, கட்டையை அதில் ஒற்றி, துணியில் வைத்து, முதுகில் கையால் ஒரு குத்து. துணிக்கு அடியில் மேசையிலும் பல மடிப்புத் துணி விரித்திருக்கும். அந்த மெத்தை இல்லாவிட்டால் மரத்தின் மேடுபள்ளம் சரியாகப் பதியாது. வீட்டில் ஸ்டாம்ப் அடிப்பவர்கள் தவறவிடும் முதல் விஷயம் இது: கண்ணாடி மேசைமேல் தாளை வைத்து அடித்துவிட்டு ஸ்டாம்ப் சரியில்லை என்பார்கள். நாலைந்து செய்தித்தாளை மடித்துப் போட்டால் சரியாகிவிடும்.

இதை ஆல்பம் தாளுக்கு இறக்குவது கஷ்டமில்லை. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கிக் கொட்டை நீக்கிப் பொடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஒரு கஷாயம். டீத்தூளில் ஒன்று, மாதுளந்தோலில் ஒன்று. கெட்டியான வரைதாளில் மூன்றையும் பட்டை பட்டையாகப் பூசி, நான்காவது பட்டையை வெறுமனே விட்டுக் காயவைக்க வேண்டும். இரும்பு நீருக்குப் பானையும் வெல்லமும் வேண்டாமென்றால் வினிகரில் ஆணிகளை ஒரு வாரம் ஊறப்போடலாம், மூடியைத் தளர்த்தி, அடுப்புக்குத் தள்ளி. ஆணியைப் பார்த்து வாங்க வேண்டும். துத்தநாகம் பூசிய பளபள ஆணியில் முதலில் கரைவது துத்தநாகம், அதிலிருந்து கறுப்பு வராது. பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரும் பிரயோஜனமில்லை. துருப்பிடிக்காமலிருக்கத்தானே அதைச் செய்தார்கள். வடிகட்டிய நீரில் கருவேலம் பிசினையோ, புளியங்கொட்டைப் பொடிக் கஞ்சியையோ கலந்தால் அச்சுப் பதம் வரும்.

அச்சுக்கு அடுக்களையே போதும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து இதழ் வைத்த பூ. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் காற்றறைகள் வரிசையாகத் தெரியும், சல்லடை ஜன்னல் மாதிரி ஓர் அழகான பதிவு விழும், எந்தக் கடையிலும் இந்த ஸ்டாம்ப் கிடைக்காது. வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். வாழைச்சாற்றிலேயே டானின் இருப்பதால் இரும்பு பட்டதும் மட்டையின் முகமும் கறுக்கும். பயப்பட வேண்டாம்.

ஒரே அச்சை, ஒரே நீரில் தோய்த்து, நான்கு பட்டைகளுக்கும் குறுக்கே அடித்துக்கொண்டே போனால் கடுக்காயில் நல்ல கறுப்பு, டீயில் பழுப்போடிய சாம்பல், மாதுளையில் பாசி படிந்த கரும்பச்சை, வெறுந்தாளில் வெளிறிய துரு. ஒவ்வொரு தாவரத்தின் டானினும் ஒவ்வொரு விதம், இரும்புடன் சேரும்போது ஒளியை உறிஞ்சுகிற விதமும் மாறுகிறது. நான்கு மைப் புட்டி வாங்குவதற்குப் பதிலாக நான்கு பின்புலம் தயாரித்திருக்கிறோம். பதிவு அடித்த உடனே இருப்பதைவிட மறுநாள் கருமை கூடியிருக்கும், ஆக்சிஜன் தன் வேலையை நிதானமாகத்தான் முடிக்கிறது.

இயற்கைச் சாயம் என்றால் தீங்கே இல்லை என்று கைவினைக் கண்காட்சிகளில் கூசாமல் சொல்கிறார்கள். பழைய கலம்காரித் துணிகளை அருங்காட்சியகங்களில் உற்றுப் பார்த்தால், சிவப்பும் நீலமும் நன்றாயிருக்க, கறுப்புக் கோடு போன இடங்களில் மட்டும் துணி இற்று நூல் நூலாகப் போயிருப்பதைக் காணலாம். அன்னபேதி மையால் எழுதிய ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிப்போனதும் இந்த நோய்தான். காரணம் இரண்டு. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை வெட்டுகிறது. டானினுடன் சேராமல் உபரியாக நிற்கும் இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு அதே சங்கிலியை எரிக்கிறது.

இங்கே வெல்லப் பானையின் அருமை தெரிகிறது. அன்னபேதி என்பது இரும்பு சல்ஃபேட். அதிலிருந்து மிஞ்சுவது கந்தக அமிலம், ஆவியாகாது, தாளிலேயே தங்கி அரிக்கும். இரும்பு அசிட்டேட்டிலிருந்து மிஞ்சுவது அசிட்டிக் அமிலம். அது பலவீனமானது, காயக் காய ஆவியாகிப் பெருமளவு போய்விடும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கிக் கரைத்தால் ஐந்து நிமிடத்தில் மை தயார், பானைக்கு மூன்று வாரம். துணி நெடுநாள் வாழ வேண்டுமென்றால் மூன்று வாரம் காத்திருப்பதே லாபம். ஆல்பத்துக்கும் அன்னபேதியைத் தவிர்த்துவிடலாம். இரும்பு உபரியாகாமல், கஷாயத்தைக் கெட்டியாகவும் இரும்பு நீரைக் குறைவாகவும் வைத்துக்கொள்வது இரண்டாவது பாதுகாப்பு. அரிக்கத் தொடங்கிய பழைய ஏடுகளைக் காக்கப் பாதுகாப்பு நிபுணர்கள் கால்சியம் பைட்டேட் என்ற பொருளில் நனைக்கிறார்கள், அது உபரி இரும்பைக் கவ்விச் செயலிழக்கச் செய்துவிடும். பைட்டிக் அமிலம் அரிசித் தவிட்டில் நிறைய இருக்கிறது. அதற்காகத் தவிட்டுத் தண்ணீரில் ஆல்பத்தை முக்க வேண்டாம்.

மஞ்சளின் பிரச்சினை வேறு. கலம்காரியில் கடுக்காய்ப்பூ, மாதுளந்தோல் போன்றவற்றிலிருந்து மஞ்சள் எடுக்கிறார்கள், அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசிப் பச்சையாக்குகிறார்கள். வெளிச்சத்தில் மஞ்சள் முதலில் ஓடிப்போகும், நீலம் நின்றுவிடும். பழைய பூத்துணிகளில் இலைகள் நீலமாக இருப்பதைப் பார்த்து அந்தக் காலத்து ஓவியரின் கற்பனை என்று சிலாகிப்பவர்கள் உண்டு, அவர் வரைந்தபோது அவை பச்சைதான். சமையல் மஞ்சள் இதைவிட மோசம், ஜன்னலோரம் வைத்தால் சில நாளிலேயே வெளுக்கும்.

ஆல்பம் பெரும்பாலும் மூடியே இருப்பதால் மஞ்சளுக்கு அது நல்ல இடம். இரும்புக்கு அப்படியல்ல. மூடிய ஏட்டில் எதிர்ப்பக்கம் முகத்தோடு முகம் அழுந்தியிருக்கும், மிச்சமிருக்கும் அமிலம் அந்தப் பக்கத்துக்கும் தாவும். ஆகவே அச்சடித்த தாளை ஒரு வாரமாவது காற்றாட விட்டபின் ஒட்டுங்கள். புகைப்படத்தை நேரே அதன்மேல் ஒட்டாமல் நடுவில் அமிலமற்ற தாளை வையுங்கள், எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வெற்றுத்தாள் போடுங்கள். அந்த வெற்றுத்தாளில் அச்சின் வடிவம் பழுப்பாகத் தெரிய ஆரம்பித்தால் இரும்பு நீர் கூடிவிட்டது என்று பொருள். அடுத்த தடவை குறைத்துக்கொள்ளலாம்.